தாத்தாவின் கதைகளைப் பேரப்பிள்ளைகளிடம் சேர்ப்பது எப்படி?

பெரும்பாலான வீடுகளில் இறந்துபோன தாத்தா, மாலை போட்ட ஒரு படமாகவும் இரண்டு மூன்று பாராட்டுகளாகவும்தான் மிஞ்சுகிறார். ‘தங்கமான மனுஷன்’, ‘ரொம்பக் கண்டிப்பு’, ‘யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்லை’. இதை எந்தத் தாத்தாவைப் பற்றியும் சொல்லலாம். அதனால்தான் பேரப்பிள்ளைகள் மனதில் அது ஒட்டுவதில்லை. ‘வெற்றிலைக்குச் சுண்ணாம்பை நடுவிரலால்தான் தடவுவார், பேத்தி ஆள்காட்டி விரலால் தடவிக் கொடுத்தால் வாங்க மாட்டார்’ என்று சொல்லிப் பாருங்கள், எட்டு வயதுக் குழந்தை உடனே தன் விரலைப் பார்க்கும். இந்த மாதிரித் துணுக்குகளைத் தேடிப் பிடிப்பது, சிதையாமல் வைப்பது, சின்னவர்கள் காதில் போடுவது, இந்த மூன்றும்தான் வேலை.

இதில் இறங்குகிறவர்கள் முதலில் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். கையில் ஏதோ வேலை நடப்பதுபோல் இருக்கும். ஆனால் படம் இன்னும் பத்து வருஷம் காத்திருக்கும், எண்பத்து நாலு வயது அத்தைப்பாட்டி காத்திருக்க மாட்டார். எது முதலில் அழியுமோ அதை முதலில் எடுங்கள்: தாத்தாவின் செல்போன், அவரை அறிந்த வயதானவர்கள், கேசட்டுகள், காகிதங்கள், கடைசியில் படங்கள்.

முதல் மாதத்தில்: அவருடைய செல்போன்

தாத்தா செல்போன் வைத்திருந்தவர் என்றால், துக்கம் கேட்க வருகிறவர்கள் இருக்கும்போதே இதைக் கவனித்துவிடுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதங்களில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாடின்றிக் கிடந்தால் நீக்கப்படும். கூகுள் கணக்கை 2 ஆண்டுகள் தொடாமல் விட்டால் அதிலுள்ள படங்களும் போகலாம். ஆகவே குறைந்த தொகைக்கு ஒரு ரீசார்ஜ் போட்டு வைத்துவிட்டு, போனை ‘ரீசெட்’ செய்து யாருக்கும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே முக்கியமாகத் தேட வேண்டியது அவருடைய குரல். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் கோப்புறைக்குள் ‘வாய்ஸ் நோட்ஸ்’ என்று தனியாக ஒரு கோப்புறை இருக்கும். அதை அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். அவர் பேசி அனுப்பியவை மகள், மருமகன், பேரன் போன்களிலும் கிடக்கும். குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டால் போதும்: ‘தாத்தா பேசி அனுப்பினது யார்கிட்ட இருந்தாலும் அழிச்சிடாதீங்க, எனக்கு அனுப்புங்க.’ ‘மாத்திரை போட்டாச்சா’, ‘மழை பேஞ்சுதா’ என்று பதினைந்து விநாடி பேசியிருப்பார். அதுவும் வேண்டும்.

யாரிடம் கேட்பது

ஒரு தாளில் பெயர்ப் பட்டியல் போடுங்கள். பக்கத்தில் வயதையும் உடல்நிலையையும் குறியுங்கள். மூத்தவர், நோயாளி, மறதி தொடங்கியவர் என்ற வரிசையில் போங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் அவர்தான் முதல் ஆள் என்று தோன்றும். ஆனால் முதல் மாதத்தில் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். தானாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த அப்பா வேறு, உடன்பிறந்தவர்களுக்குத் தெரிந்த அண்ணன் வேறு. தாத்தாவின் தங்கையிடம் போனால்தான் அவர் ஓட்டாஞ்சில்லு விளையாடி அடிவாங்கிய கதை வரும். மூத்த மருமகளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முப்பது வருஷம் அவருக்குச் சாப்பாடு போட்டவர் அவர். என்ன கோபம் வந்தால் சோற்றில் தண்ணீர் ஊற்றுவார் என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வெளியேயும் தேடுங்கள்: கூட வேலை பார்த்தவர், முடி திருத்தியவர், தினமும் டீ குடித்த கடைக்காரர், குத்தகைக்கு நிலம் உழுதவர், ஒரே பஸ்ஸில் இருபது வருஷம் போனவர். வீட்டில் வாயே திறக்காத மனிதர் டீக்கடையில் பாட்டுப் பாடியிருக்கலாம்.

ஒன்று மறக்க வேண்டாம். பாகப்பிரிவினை முடியாத வீட்டில் பழைய பத்திரம், பழைய கதை என்று நீங்கள் கேட்கத் தொடங்கினால் சந்தேகம் வரும். ‘நிலத்துக்குத்தான் அடி போடுறான்’ என்று சித்தப்பா நினைத்துவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. என்ன செய்கிறீர்கள் என்பதை எல்லாப் பங்காளிகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடுங்கள். யார் வீட்டுக் காகிதத்தையும் வெளியே எடுத்துப் போகாமல் அங்கேயே, அவர்கள் கண் முன்னாலேயே படம் பிடித்துத் திருப்பிக் கொடுங்கள்.

உட்கார்ந்து கேட்பது

பதிவுக்குச் செல்போனே போதும். ஃப்ளைட் மோடில் போடுங்கள். இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகும். பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், மடித்த துண்டின் மேல் போனை வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம்கூட இடிபோல் விழும். பேச்சைக் கெடுப்பதில் முதலிடம் மின்விசிறிக்கு. தலைக்கு மேலே ஓடும் ஃபேனின் இரைச்சல் நேரில் நம் காதுக்கு உறைக்காது, பதிவில் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் காலைப் பலகாரம் முடிந்து வெயில் ஏறுவதற்குள், ஃபேனை நிறுத்தி உட்காருங்கள். குக்கர் விசிலும் டிவி சீரியலும் இல்லாத நேரமாகவும் அது அமையும்.

முதல் பத்து விநாடி நீங்கள் பேசுங்கள்: தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், தாத்தாவுக்கு என்ன உறவு. முதலில் ஒரு நிமிடம் பதிந்து போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு தொடருங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வயதானவர்கள் களைத்தால் ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்டத் தொடங்குவார்கள், அந்த ஆமாவை நம்ப முடியாது.

‘தாத்தா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் மறுபடி ‘தங்கமான மனுஷன்’தான் வரும். கேள்வியைக் கைக்கும் காலுக்கும் வயிற்றுக்கும் இறக்குங்கள்.

– விடிஞ்சு எழுந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?
– சம்பளம் வந்த அன்னைக்கு, இல்லை நெல் வித்த அன்னைக்கு, வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வருவாங்க?
– சட்டைப்பையில் என்னென்ன இருக்கும்?
– கோபம் வந்தா எந்த வார்த்தை சொல்லித் திட்டுவாங்க?
– யாரோட பேசமாட்டாங்க? எதனால?
– அவங்க அழுது பார்த்திருக்கீங்களா?
– காசு இல்லாத காலத்துல எப்படிச் சமாளிச்சாங்க?
– சாப்பாட்டுல எதை ஒதுக்கி வைப்பாங்க?

கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். பதில் நின்ற பிறகு ஐந்து விநாடி பொறுத்தால், அதற்குப் பிறகுதான் நல்ல விஷயம் வரும். இளையவர்கள் செய்கிற பெரிய தவறு, ‘ஆமா, எனக்குத் தெரியும், அந்தச் சைக்கிள் கதைதானே’ என்று குறுக்கே விழுவது. தெரிந்த கதையாக இருந்தாலும் அவர் வாயால் முழுதாக வரட்டும்.

நினைவு வராதவர்களிடம் பொருளைக் கொடுங்கள். மூக்குக்கண்ணாடிக் கூடு, பாக்குவெட்டி, பொடிமட்டை, கைத்தடி, பழைய வால்வு ரேடியோ. பாக்குவெட்டியைக் கையில் கொடுத்தால் வாய் பேசுவதற்கு முன்னால் கை அதை ஆட்டிக்காட்டும். அந்த நேரத்தில் மட்டும் வீடியோ எடுங்கள். மற்ற நேரத்தில் கேமரா வேண்டாம். கேமராவைப் பார்த்தால் பலர் சேலையைச் சரிசெய்துகொண்டு மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள்.

கூட்டமாக உட்கார வைத்தால் மூத்த மாமா ஒருவரே பேசுவார், மற்றவர்கள் ஒத்து ஊதுவார்கள். ஆண்கள் இருக்கிற கூடத்தில் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. அவர்களிடம் அடுப்படியில், கீரை ஆயும்போது கேளுங்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று குறித்தால் போதும், தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை.

கேட்டு முடித்த அன்றைக்கே ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் குறிப்பு எழுதுங்கள்: ‘10:00 – கிணறு வெட்டினது, 15:00 – பெரியம்மா கல்யாணம்’. முழுப்பேச்சையும் எழுத்தில் கொண்டுவர, ஒரு மணி நேரப் பதிவுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதனால் குறிப்பைப் பார்த்து நல்ல பகுதிகளை மட்டும் எழுதுங்கள். போனில் உள்ள குரல்-தட்டச்சு தமிழுக்கும் வேலை செய்யும், வட்டார வழக்கு வந்தால் தடுமாறும். எழுதும்போது ‘வந்தாக’, ‘போனாவ’, ‘சொன்னாங்கோ’ என்பதையெல்லாம் ‘வந்தார்கள்’ என்று திருத்திவிடாதீர்கள். திருத்தினால் பேசியவரின் ஊர் காணாமல் போய்விடும். அழைத்த முறையையும் அப்படியே விடுங்கள். கொங்குப் பக்கம் அம்மாவின் அப்பா அப்புச்சி. யாழ்ப்பாணத்தில் அப்பப்பா, அம்மப்பா. தெற்கே பல வீடுகளில் ஐயா. எல்லாரையும் ‘தாத்தா’ ஆக்க வேண்டியதில்லை.

வருஷத்தைப் பிடிப்பது

‘அது எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்று கேட்டால் உடனே வரும். கையில் இப்படி ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: புது நயா பைசா வந்தது ஏப்ரல் 1957, நேரு மறைவு மே 1964, தனுஷ்கோடியை அழித்த புயல் டிசம்பர் 1964, இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஜனவரி 1965, அண்ணா மறைவு பிப்ரவரி 1969, எமர்ஜென்சி ஜூன் 1975, காமராஜர் மறைவு அக்டோபர் 1975, இந்திரா காந்தி கொலை அக்டோபர் 1984, எம்.ஜி.ஆர். மறைவு டிசம்பர் 1987. இதோடு உங்கள் ஊர்க் கணக்கையும் சேருங்கள்: ஊருக்குக் கரண்டு வந்தது, முதல் பஸ் விட்டது, கோயில் கும்பாபிஷேகம், ஏரி உடைந்தது. மூத்த பிள்ளை அப்போது இடுப்பிலா, தொட்டிலிலா, பள்ளிக்கூடத்திலா என்று கேட்பதும் நன்றாக வேலை செய்யும்.

பழைய ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, பத்திரங்களில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும்: பிரபவ 1927, 1987, தாது 1936, 1996, விகாரி 1959, 2019. வருஷம் சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் பலர் இடறுவது தை, மாசி, பங்குனியில்தான். ‘விகாரி வருஷம் தை 15’ என்றால் அது 1959 இல்லை, 1960 ஜனவரிக் கடைசி. மார்கழியின் பிற்பாதியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும்.

பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதிகள் ஏராளம். மே, ஜூன் மாதம் என்றால் கூடுதலாகச் சந்தேகப்படலாம். ஜாதகம் ஒன்று, சான்றிதழ் ஒன்று என்று இருந்தால் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். ஊர் மாவட்டமும் குழப்பும். 1985க்கு முன் சிவகங்கையும் விருதுநகரும் ராமநாதபுரம் மாவட்டம். 1991க்கு முன் நாகப்பட்டினம் தஞ்சாவூர் மாவட்டம். 1956 நவம்பருக்கு முன் நாகர்கோவில் சென்னை மாகாணத்திலேயே இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது.

அலமாரி, பரண், பாத்திரம்

வீட்டில் இருக்கிற காகிதங்களில் கதை அதிகம் கிடைப்பது மொய் நோட்டில். தாத்தா வீட்டுக் கல்யாண மொய் நோட்டைத் திறந்தால் யார் எந்த ஊர், எவ்வளவு எழுதினார்கள் என்று வரிசையாக இருக்கும். ஐந்து ரூபாய்க்கு நடுவில் ஒருவர் மட்டும் ஐம்பது எழுதியிருந்தால் அவர் யார் என்று கேளுங்கள், அங்கே ஒரு கதை இருக்கும். கிரயப் பத்திரத்தில் தாத்தாவின் அப்பா பெயர், ஊர், அவர் செய்த தொழில் இருக்கும். செக்குபந்தியில், அதாவது எல்லை விவரத்தில், நான்கு பக்கத்து நிலத்துக்காரர்கள் பெயர்கள் வரும். முத்திரைத்தாளின் பின்பக்கம் அந்தத் தாளை விற்றவர் பெயரும் தேதியும் இருக்கும். அதையும் படம் எடுங்கள். ஓய்வூதியப் புத்தகம், பணிப்பதிவேடு, பழைய ரேஷன் கார்டு, கருமாதிப் பத்திரிகை இவற்றில் உறவு வரிசை முழுதாகக் கிடைக்கும்.

பரணில் உள்ள பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை விடாதீர்கள். சீர் வந்தவற்றில் புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டியிருப்பார்கள். துலக்கித் துலக்கி மங்கியிருந்தால் எழுத்தின் மேல் கொஞ்சம் விபூதியைத் தூவி விரலால் லேசாக வழியுங்கள். மேற்பரப்பில் உள்ளது போய், புள்ளிப் பள்ளங்களில் மட்டும் வெள்ளை நின்று எழுத்து தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில், பாத்திரத்தைத் தொடுவதுபோல் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புது எவர்சில்வர் வாங்கும் யோசனை வீட்டில் இருந்தால், அதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

கேசட்டும் வீடியோவும்

கல்யாணக் கேசட், வெளிநாட்டிலிருந்த பிள்ளைக்குப் பேசி அனுப்பிய கேசட், பஜனைப் பதிவு எதில் வேண்டுமானாலும் தாத்தா குரல் இருக்கலாம். ‘டி.எம்.எஸ். ஹிட்ஸ்’ என்று அட்டையில் எழுதியிருந்தாலும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள், பாட்டுக்கு மேலே பதிந்திருப்பார்கள். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது. நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை, ஓட்டாதீர்கள். ஓட்டினால் நாடாவும் போகும், டேப்ரெக்கார்டரின் தலையும் (நாடாவைத் தொட்டுப் படிக்கும் ‘ஹெட்’) கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டையும் நேரே போட வேண்டாம். பல வருஷம் சும்மா கிடந்த டேப்ரெக்கார்டரில் ரப்பர் பெல்ட் இளகி வேகம் ஏறி இறங்கும், உருளை நாடாவைச் சுருட்டித் தின்னும். தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, வேண்டாத ஒரு கேசட்டை ஒரு பக்கம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு இதைப் போடுங்கள்.

டேப்ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி இழுத்துக் கணினியில் பதியலாம். இப்போதைய லேப்டாப்பில் உள்ள ஒற்றைத் துளை ஹெட்போனுக்கும் மைக்குக்குமானது; அதில் நேரே செருகினால் ஒலி பிய்ந்து கேட்கும். ‘லைன் இன்’ (டேப்ரெக்கார்டர் போன்ற கருவியின் ஒலியை வாங்கும் துளை) உள்ள ஒரு யு.எஸ்.பி. ஒலி அடாப்டர் வாங்குங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்து வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்.பி.க்குக் கொஞ்சம் மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 நகல் தனியாகப் போடலாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

வி.எச்.எஸ். கேசட்டை ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றுவது சுலபம். டிவிடியாக வேண்டாம், எம்பி4 கோப்பாகக் கேளுங்கள். மூலக் கேசட்டைத் திருப்பி வாங்க மறக்காதீர்கள். ஏற்கெனவே டிவிடியாக இருப்பவற்றை இந்த வருஷமே ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுங்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்குகள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் படிக்க மறுக்கும்.

படங்கள்

ஒட்டும் தாள் போட்ட ஆல்பங்கள்தான் படங்களின் எமன். பசை காய்ந்து படத்தோடு இறுகிவிடும். நகத்தால் நெம்பினால் மூலை கிழியும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே விட்டு, அறுப்பதுபோல் மெதுவாக இழுங்கள். வரவில்லை என்றால் விடுங்கள், ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதே விதி: பிய்க்காமல் கண்ணாடியோடு எடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

ஸ்கேனர் இருந்தால் போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200, நெகடிவுக்கு 2400க்கு மேல். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். கறை எது, மை எது என்று பிரித்துப் பார்க்க அது உதவும். ஸ்கேனர் இல்லையென்றால் வெயில் நேரே விழாத ஜன்னலோரத்தில் கறுப்புத் துணி விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுங்கள்.

முன்பக்கம் எடுத்ததும் பின்பக்கத்தையும் எடுங்கள். அங்கே ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து, சில சமயம் தாளின் பெயர் இருக்கும். ‘இந்து’ என்ற பெயர் ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தாளுடையது. அங்கே உற்பத்தி தொடங்கியது 1967இல்; எனவே அந்தப் பெயருள்ள பிரதி அதற்கு முந்தையது அல்ல. ஆனால் பழைய நெகடிவிலிருந்து பின்னாளில் போட்ட பிரதியாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். சிறு சதுரப் படங்கள் பெரும்பாலும் ஆக்ஃபா கிளிக் III போன்ற பெட்டிக் கேமராவில், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு எடுத்தவை. பின்னால் நிற்கும் வண்டியின் எண்ணில் டி.என்.னை அடுத்து ‘01’ போல இரண்டு இலக்கம் வந்தால் படம் 1989க்கு முந்தையது அல்ல.

குழுப்படத்தில் ஆள் அடையாளம் காண, ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, பெரியவர்களிடம் பெயர் கேட்டு எழுதுங்கள். மூலப்படத்தின் பின்னால் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில் மட்டும். பால்பாயின்ட் பேனா அழுத்தம் முன்பக்கத்தில் முகத்தின் மேல் கோடாக எழும்பும்.

மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகிற ஏ.ஐ. செயலிகளை நம்பி ஏமாறாதீர்கள். அவை அழிந்துபோன முகத்தை மீட்பதில்லை, யாரோ ஒருவருடைய கண்ணையும் மூக்கையும் அங்கே வரைகின்றன. ஆசைக்கு ஒன்று செய்து பார்க்கலாம், ஆனால் கோப்பின் பெயரிலேயே ‘மாற்றியது’ என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்து அதுதான் தாத்தா முகம் என்றாகிவிடும்.

கோப்புக்கு ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள்: ‘1972-05_பெரியத்தை கல்யாணம்_மதுரை_03’. தெரியாததை ‘1960கள்’ என்று எழுதலாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயரில் உள்ள தேதி அது அனுப்பப்பட்ட நாள்தான். படத்தின் தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது. மூன்று நகல் வேண்டும்: உங்கள் கணினியில் ஒன்று, வேறு ஊரில் உள்ள தங்கை வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. பென்டிரைவை நகலாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சொல்லக் கூடாதது என்று சொல்லப்படுபவை

தோண்டத் தோண்ட வேறு விஷயங்களும் வரும். குடி, கடன், இன்னொரு குடும்பம், பேசாமல் போன அண்ணன், சாதி விட்டுக் கல்யாணம் செய்த மகளை வீட்டுக்குள் விடாதது. அழிக்காதீர்கள், உடனே பரப்பவும் வேண்டாம். தனிக் கோப்புறையில் போட்டு, சொன்னவர் என்ன நிபந்தனை சொன்னார் என்பதையும் எழுதி வையுங்கள்: ‘பெரியம்மா இருக்கும்வரை வேண்டாம்’. யாராவது ‘அதை நிறுத்து’ என்றால் பதிவை அவர் பார்க்கவே நிறுத்துங்கள். அந்த நம்பிக்கை இருந்தால்தான் மறுமுறை கூப்பிட்டுச் சொல்வார். அதே சமயம், எல்லாக் குறையையும் துடைத்து எடுத்த தாத்தாவைக் குழந்தைகள் நம்புவதில்லை. சீட்டு விளையாட்டில் கள்ளாட்டம் ஆடுவார் என்பதை எழுதினால் அவர் மதிப்புக் குறைந்துவிடாது.

சின்னவர்களிடம் சேர்ப்பது

திதி அன்றைக்கு, ஆடி அமாவாசைக்கு, கிறிஸ்தவ வீடுகளில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு, எப்படியும் எல்லாரும் கூடுகிறோம். அன்றைக்கு ஒரு பொருள், ஒரு கதை, ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் போனை எடுத்துவிடுவார்கள். படையலில் ஏன் சாமிக்கு இல்லாத காராச்சேவும் சுருட்டும் இருக்கிறது என்று குழந்தை தானாகவே கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கதையைச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளர்கிற, தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடப் பதிவை அனுப்பிப் பயனில்லை. இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி, ஒரு படத்தோடு அனுப்புங்கள்.

தாத்தாவுக்குப் பிடித்த சமையலையும் ஒருமுறை முழுதாகப் பதியுங்கள். ‘ஒரு கை புளி, கண்ணளவு உப்பு’ என்று பாட்டி சொன்னால் சட்டியில் போடுவதற்கு முன் பிடித்து நிறுத்தி, சமையலறைத் தராசில் நிறுத்துக் குறியுங்கள். பாட்டி முறைப்பார், பரவாயில்லை.

புத்தகமாக்க ஆசைப்பட்டால் சிறிதாகத் தொடங்குங்கள். பெரிய வரலாறு எழுத உட்கார்ந்தவர்கள் பலர் ‘எங்கள் பூர்வீகம்’ என்ற முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஏ4 தாளை மடித்த ஏ5 அளவில் 32 அல்லது 36 பக்கம் போதும். நடுவில் பின் அடிப்பதாக இருந்தால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஒவ்வொன்றும் 150 முதல் 200 சொல்லுக்குள் இருபது கதை, பத்துப் பன்னிரண்டு படம், பெரியவர் ஒருவர் கையால் வரைந்த பழைய வீட்டின் வரைபடம் (திண்ணை, கிணறு, மாட்டுத்தொழுவம், தாத்தா கட்டில் போட்ட இடம்), அவர் அடிக்கடி சொன்ன வார்த்தைகள், குடும்ப மரம். எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் இருந்தால் பாட்டியும் படிப்பார்.

குடும்ப மரத்தைக் கையால் போடுங்கள். மாமன் மகள், அக்காள் மகள் கல்யாணங்களில் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருவார். கணினி மென்பொருள்கள் பல அங்கே திணறும். தாத்தா பெயரையே பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பும். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டையோ ‘மூத்த’, ‘இளைய’ என்றோ குறித்தால் குழப்பம் வராது.

அச்சுக்குப் போகும் முன், இரண்டு வீட்டுப் பெரியவர்களிடம் நகல் கொடுத்துப் பெயர்களை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். கதையில் தேதி தப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். மருமகன் இனிஷியல் தப்பினாலோ ஒரு மகள் வயிற்றுப் பேரன் பெயர் விட்டுப்போனாலோ அடுத்த கல்யாணம்வரை பேச்சு ஓயாது. முதலில் பத்துப் பிரதி மட்டும் ஜெராக்ஸ் கடையில் போட்டு, கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டு, பேனாவோடு சேர்த்துக் கொடுங்கள். ‘இது தப்பு, நான் சொல்றேன் கேளு’ என்று எழுதித் திரும்பி வருபவற்றைச் சேர்த்த பிறகு, மீதிப் பிரதிகளை அச்சகத்தில் கொடுக்கலாம்.